பழைய புரோகிராமைக் கழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிய பில்லிங் மென்பொருள் விற்க வருகிறவர்கள் நம் கடையில் ஓடும் புரோகிராமைப் பார்த்தவுடன், "அண்ணாச்சி, இது ரொம்பப் பழசு, தூக்கிப் போடுங்கள்" என்கிறார்கள். எடைக்கல்லில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்போமே தவிர, அதன் வயதை யாரும் கேட்பதில்லை. கணிப்பொறி மொழிக்கும் அந்த நியாயத்தைக் கொடுக்க வேண்டும் என்பது நம் கட்சி.

கணிப்பொறிக்கு வேலை சொல்வதற்கென்று தனி மொழிகள் உண்டு. அவற்றில் வியாபாரக் கணக்குக்கென்றே ஏற்பட்ட மூத்த மொழி கோபோல். நம் கடைப் பையன்கள் கோபால் என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய ஒரு குழு இதை வகுக்கத் தொடங்கியது. கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்னமே செய்திருந்த ஒரு மொழி அதற்கு அடிப்படையாக இருந்தது. நமது பழைய பொது விற்பனை வரிச் சட்டமும் அதே 1959-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 2007-இல் வாட் வந்து அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. கோபோல் இன்றும் உலகத்தின் பெரிய வங்கிகளிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறது.

அதற்குக் காரணம் பைசா. 10-ஐ 3-ஆல் வகுத்தால் நமக்கு 3.333 என்று முடிவில்லாமல் போகிறது அல்லவா? கணிப்பொறி எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக் கொள்வதால், பத்துப் பைசாவை, அதாவது 0.10 ரூபாயை, எழுதப் போனால் அதற்கும் அப்படித்தான் முடிவில்லாமல் போகும். கவனக் குறைவாக எழுதிய புரோகிராமில் ஆயிரம் பில் கூட்டினால் எங்கேயோ ஒரு பைசா உதைக்கும். கோபோல் நம்மைப் போலவே பத்து பத்தாக எண்ணும். புள்ளிக்குப் பின் இத்தனை இலக்கம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அதன் ஒழுங்கு.

2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டு ஜனங்கள் குவிந்தார்கள். அங்கே ஓடியதோ 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஏற்பாடு. மொழி அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை.

இனி நம் வீதிக்கு வருவோம். தொண்ணூறுகளில் நம் கடைகளுக்கு வந்த புரோகிராம்களில் பெரும்பகுதி டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபாக்ஸ்புரோவை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது; 2004-இல் வந்த 9-ஆம் பதிப்போடு நிறுத்திக் கொண்டது; 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. விற்க வருகிறவர் இந்தத் தேதியைத்தான் காட்டுவார். காட்டட்டும்.

அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பம் கணக்கை டி.பி.எஃப். என்ற கோப்பில் எழுதுகிறது. அதன் அமைப்பு நம் பேரேடு போலவேதான். தலைப்பில் பத்திகளின் பெயர், ஒவ்வொன்றின் அகலம், உள்ளே இருப்பது எழுத்தா, எண்ணா, தேதியா என்ற விவரம். அதன் கீழே வரி வரியாகப் பதிவு, எல்லா வரியும் ஒரே நீளம். பூட்டும் இல்லை, இரகசியமும் இல்லை. அதனால் எழுதிய புரோகிராம் போய்விட்டாலும் மற்றவை இதைப் படிக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கூட இதைத் திறந்து காட்டிவிடுகிறது.

நண்பர் ஒருவருக்கு இது கை கொடுத்தது. பருப்பு மொத்த வியாபாரம். சில்லறைக் கடைகளில் நிலுவை நிறைய. புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார், கணிப்பொறியும் படுத்துவிட்டது. புதிதாக விற்க வந்தவர், பழைய கணக்கு வராது, முதலிலிருந்து அடித்துக் கொள்ளுங்கள் என்றார். நிலுவைக்குக் கையில் வேறு சிட்டை இல்லை. பி.காம். படிக்கும் பேத்தி பழைய டிஸ்க்கிலிருந்த கோப்புகளைத் திறந்து, பார்ட்டிவாரியாகப் பாக்கியை அச்செடுத்துக் கொடுத்தாள். புதிய மென்பொருள்களில் சில, சந்தா கட்டாவிட்டால் நம் கணக்கையே நமக்குக் காட்டாது. அதை வாங்கும்போதே கேட்டுக் கொள்வது நல்லது.

பழையது எல்லாம் உயர்வு என்று நாம் சொல்ல வரவில்லை. சோதனை வரி மாறும்போது வரும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் நெய் 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. பற்பசையும் ஷாம்பூவும் 18-லிருந்து 5 ஆயின. வரி விகிதத்தைத் தனிக் கோப்பில் வைத்திருக்கும் புரோகிராமில் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. எங்கள் மண்டியில் ஓடும் ஃபாக்ஸ்புரோவில் ஒரு காலை நேரம்தான் பிடித்தது. விகிதத்தைக் கட்டளைக்குள்ளேயே எழுதியிருந்தால் மூல நிரல் வேண்டும், அதாவது பி.ஆர்.ஜி. என்று முடியும் கோப்புகள். அவை நம் கையில் இல்லையென்றால் அந்தப் புரோகிராம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் நமக்குச் சொந்தமில்லை. எழுதியவர் இருக்கும்போதே கேட்டு வாங்கி விட வேண்டும்.

ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். டாஸ் காலத்துப் புரோகிராமை வைத்துக் கொண்டு மட்டும் அதைச் சமாளிப்பது வீண் பிடிவாதம். அத்தகையவர்கள் பில்லுக்குப் புதியதை எடுத்துக் கொண்டு, பழைய கணக்கைப் பார்வைக்கு வைத்துக் கொள்ளலாம்.

64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், அதற்குள் ஓடும். ஆனால் அச்சடிப்பதற்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

நகல் எடுக்கும்போது டி.பி.எஃப். கோப்புகளோடு எஃப்.பி.டி. என்று முடிபவை இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். வாரம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.