மதிய உணவு யாருக்கு உரியது?



சேர்க்கை நாளன்று ஒரு தாயார் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "சிஸ்டர், பிள்ளைக்கு மதியச் சோறு கிடைக்க வருமானச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமா?" வேண்டாம் என்றதும் அவர்கள் முகத்தில் தோன்றிய நிம்மதியே இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது.

விதி என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் அனைவருக்கும், விடுமுறை நீங்கலாக நாள்தோறும் ஒரு வேளை உணவு இலவசம். தகப்பனாரின் சம்பளத்தையோ சாதியையோ சட்டம் கேட்பதில்லை. பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் பயில்கிறாள் என்பதே கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் அந்த உணவில் இருக்கவேண்டும்.

அரிசி வரவில்லை, சமையற்காரம்மா வரவில்லை என்று ஒரு நாள் உலை ஏறாவிட்டால்? 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்த நாளுக்குரிய தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாக, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேரவேண்டும். இதனைப் பெற்றோர் பலர் அறியார். ஆதார் எண் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் உதவியை மறுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பு இப்படி இல்லை. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, ஏழைப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு எழுந்தது. அது பெரும் புண்ணியம்தான். ஆனாலும் 'ஏழை' என்று பெயர் சொல்லித் தட்டை நீட்டும்போது ஒரு சிறுமியின் கை கூசும் அல்லவா? எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்தால் அந்தக் கூச்சம் இல்லை.

நம் திருவாண்டார்கோயிலைச் சுற்றித் தமிழக எல்லை பின்னிக் கிடக்கிறது. அப்பால் உள்ள கிராமங்களில் காலை உணவும் உண்டு. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், 2024 சூலை 15 முதல் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளின் முதல் ஐந்து வகுப்புகளுக்கும் வந்தது. ஆனால் அது தமிழக அரசின் ஆணை. எல்லைக்கு இப்புறம் செல்லாது.

இன்னொரு கோடு பள்ளிகளுக்கு இடையே ஓடுகிறது. என் மனத்தை உறுத்துவது அதுதான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் பயிலும் கூலித்தொழிலாளியின் மகளுக்கு இச்சட்டப்படி ஒரு கவளமும் இல்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேர்த்த பெற்றோர், தூக்குவாளியில் சோறும் கட்டியனுப்ப வேண்டும். ஆகவே பெற்றோரே, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், "இந்த வகுப்புக்கு அரசு உதவி உண்டா?" என்று கேளுங்கள். ஒரே வளாகத்தில் உதவி பெறும் வகுப்புகளும் பெறாத வகுப்புகளும் அருகருகே நடக்கும் பள்ளிகளும் உண்டு.