திகதியை ஒரே முறையில் எழுதுங்கள்

இடம்பெயர்ந்த காலத்துக் கொப்பியில் "09.05.08" என்று இருக்கிறது. 2009 மே 8 என ஒருவர் வாசிப்பார். 2008 மே 9 என மற்றவர் வாசிப்பார். 2008 மே மாதத்தில் கிளிநொச்சியில் சனங்கள் வீட்டில் இருந்தார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நின்றார்கள். காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆண்டை நான்கு இலக்கத்தில் முதலில் எழுதுங்கள்; பிறகு மாதம், பிறகு நாள்: 2009-05-08. தை, மாசி என எழுதவேண்டாம். பேச்சில் தை என்றால் ஜனவரிதான். பஞ்சாங்கத்தில் தை பிறப்பது ஜனவரி நடுவில். பழைய துண்டில் உள்ளதைத் திருத்தாமல், தெரிந்த திகதியைப் பக்கத்தில் குறியுங்கள்.

பிறந்த திகதி 03.01.1978 என்றிருந்து குழப்பமானால், ஒன்பது இலக்கங்கள் கொண்ட பழைய தேசிய அடையாள அட்டையைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்). 78003 என்றால் ஜனவரி 3, 78061 என்றால் மார்ச் 1. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும்: 78561. பிறப்புச் சான்றிதழோடு அது ஒத்துவராவிட்டால், இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.