திரையில் உடைந்த பொள்ளாச்சி

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் பாடம் முடிந்த ஒரு மாலையில், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்களைத் தத்தம் ஊர்ப்பெயரைத் திரையில் வரையச் சொன்னேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும் ‘பைகேம் சி.இ.’ என்ற இலவச வரைகலை நூலகத்தைப் பயன்படுத்தினோம். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குச் சரியாக வந்தது. ஒரு மாணவி மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்.

“ஏனுங் சார், எங்க ஊரு பேரு ஒடஞ்சு போச்சுங்க!”

‘பொள்ளாச்சி’யின் ஒற்றைக்கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. “தமிழ்ல எழுதுனது என் தப்புங்களா?” என்றும் கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்தபின், தவறு அவளுடையதன்று, என்னுடையது என்று தெரிந்தது.

யூனிகோடு முறையில் தமிழ், ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் ‘ப’, பிறகு ஒகரக் குறி. நாம் எழுதும்போது கொம்பை முதலில் இடுகிறோம். அக்கால அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் கொம்பு, ‘ப’, கால் என மூன்று ஈய அச்சுகளை முறையாக அடுக்கினார். கணினியில் அந்த வேலையை ‘ஹார்ஃப்பஸ்’ என்ற மென்பொருள் செய்கிறது. ஆனால் எந்த மொழியின் எழுத்து என்று அதற்குச் சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்லித் தரவில்லை.

படிகள் இவைதாம்:

1. தமிழ் எழுத்துருக் கோப்பை (எ.கா. நோட்டோ சான்ஸ் தமிழ்) நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வைத்து, அளவு குறிப்பிட்டு ஏற்றுக. எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்துரு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.
2. ‘செட் ஸ்கிரிப்ட்’ கட்டளையில் தமிழுக்கான நான்கெழுத்துக் குறியீட்டை (டி, ஏ, எம், எல்) தருக. முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.
3. ‘ரெண்டர்’ கட்டளையால் சொல்லைப் படமாக்குக.
4. ‘பிளிட்’ கட்டளையால் அப்படத்தைத் திரையில் ஒட்டுக.
5. ‘ஃபிளிப்’ கட்டளையால் திரையைப் புதுப்பிக்க.

இரண்டாம் படி, மூன்றாம் படிக்கு முன்பே வர வேண்டும்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் கணினி இல்லாமலே இதைச் செயல்பாடாக்கலாம். உயிரெழுத்துகளையும் மெய்வரிசையின் அகர எழுத்துகளையும் துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனி அட்டைகளாக வெட்டுங்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையே. ஊர்ப்பெயர்களை அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். கோவை: 2 எழுத்து, 4 அட்டை. பொள்ளாச்சி: 5 எழுத்து, 10 அட்டை. உடுமலை: 4 எழுத்து, 6 அட்டைதான். ஏன்? ‘உ’ உயிரெழுத்து, ‘ம’ அகர உயிர்மெய். இரண்டுக்கும் குறி வேண்டாம். பைத்தானின் ‘லென்’ கட்டளையும் இதே 4, 10, 6 என்றுதான் விடை தரும். உயிர்மெய் இலக்கணம் குழந்தையின் கையில் நிற்கும்.

மறுநாள் இரண்டாம் படியைச் சேர்த்து அந்த மாணவியையே இயக்கச் சொன்னேன். பொள்ளாச்சி முழுதாக வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தவர்கள் தாங்களாகவே தங்கள் ஊரைத் தமிழுக்கு மாற்றத் தொடங்கினார்கள்.