துடைத்த துணியில் கவனம்

பெரியபாளையம் பக்கம் பாலிஷ் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு உப்புத்தாள் தேய்க்க நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. துடைத்த துணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாசற்கதவுக்குப் பூசும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. கதவில் அந்தச் சூடு தங்காது. சுருட்டி மூலையில் எறிந்த துணியில் தங்கும். சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது இப்படித்தான். மரப்பலகைக்கு மெருகேற்றியவர்கள் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள்.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு தானாகப் பற்றாது. ஆனால் ஒரு பீடிப் பொறி போதும்.

வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியைத் தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள். இல்லையேல் வெளியே நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போடுங்கள். மரத்தூள் குவியல் பக்கம் வேண்டாம்.