கோபமும் துக்கமும் வரும்போது

பேரப்பிள்ளை கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பப்பா, எங்கட காணி எவ்வளவு பெரிசு?"

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பம் அது. இப்போது வேறொருவரின் ஆறு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறார்கள். அப்பப்பா பதில் சொல்லவில்லை. பிள்ளையின் முதுகில் அடி விழுந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை. சில நாள் கழித்து எமது குழுக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பொடியனில பிழையில்லை, தம்பி. எங்கட கிணத்தடி கண்ணுக்குள்ள வந்து நிண்டுது. என்ர கை முந்திப் போச்சு."

கை முந்துவதற்கு முன் மனதிலும் உடலிலும் என்ன நடக்கிறது என்பதையே இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30 இல் மழைக்குள் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009 இல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே புத்திமதிதான் கிடைத்தது. "நடந்ததை மறந்துவிடுங்கள்." சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அது நடக்கிற காரியமா? இப்போதே ஒரு நிமிடம் உங்கள் ஊர்க் கிணற்றை நினைக்காமல் இருந்து பாருங்கள். துலாவும் கிணற்றுக்கட்டும் உடனே கண்முன் வந்துவிடும். தள்ளத் தள்ள நினைவு பலத்தோடு திரும்பி வருகிறது. தள்ளுவதற்கு உதவியாகச் சிலர் சாராயத்தை நாடுகிறார்கள். விடிந்ததும் துக்கம் அப்படியே இருக்கிறது, கடனும் சேர்ந்துவிடுகிறது.

தோட்டத்தில் தண்ணீர் மாறியவர்களுக்கு வேறு வழி தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும்போது குறுக்கே மண்ணைப் போட்டு மறித்தால் வரம்பு உடையும். பாத்தியின் வாயைத் திறந்துவிட்டால் அது பரந்து, மெல்ல ஊறிப் போகும். துக்கத்தையும் கோபத்தையும் இப்படி உள்ளே வரவிட்டு, ஊறிப்போகும் வரை பார்த்திருப்பதைத்தான் ஏற்றுக்கொள்ளுதல் என்கிறோம்.

எப்படிச் செய்வது? முதலில் உடலைக் கவனியுங்கள். பயமோ கோபமோ எழும்போது நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், மூச்சு மேலாலே ஓடும், கை விறைக்கும். ஷெல் விழுந்த காலத்தில் ஓடித் தப்புவதற்கு உடல் பழகிக்கொண்ட ஆயத்தம் இது. ஆபத்து இல்லாத இடத்திலும் நினைவு வந்தால் போதும், உடல் ஆயத்தமாகிவிடும். அது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அந்த நேரத்தில் இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி வையுங்கள். மூச்சை எடுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். பிறகு வந்திருப்பது எதுவென்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். "இது கோபம்." "இது ஊர் நினைவு." "நெஞ்சுக்குள்ளே கல் வைத்ததுபோல் இருக்கிறது." நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அடுத்து, சுற்றிலும் கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் கவனித்து, கையிலிருந்த வேலைக்குத் திரும்புங்கள். துக்கம் போன பின்பு வேலை என்று காத்திருக்க வேண்டாம். அதுவும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.

இதற்குப் பாயும் தனி அறையும் தேவையில்லை. மிளகாய்க் கன்று நடும்போது விரலில் படும் ஈரமண்ணை உணர்வதும் இதே பயிற்சிதான். ஆனால் மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் பழகினால்தான் புயல் நேரத்தில் கைகொடுக்கும். காலையில் ஐந்து நிமிடம் போதும்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராகப் பணியாற்றிய காலத்தில், மக்கள் ஏற்கெனவே அறிந்த வழிகளையே மன அமைதிக்குப் பயன்படுத்தினார். சைவருக்கு மந்திர செபம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். உங்களுக்குப் பழகியது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம்.

2020 இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறைகளைப் படங்களோடு விளக்கும் நூலொன்றை வெளியிட்டது. அதன் அடிப்படையான பயிற்சி, உகண்டாவில் அகதிகளாக வாழும் தென்சூடான் பெண்களிடையே பரீட்சிக்கப்பட்டது. ஏறக்குறைய 700 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், குழுவாக இருந்து ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகினார்கள். மூன்று மாதத்தின் பின் பார்த்தபோதும், பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் பெறாதவர்களைவிடக் குறைந்திருந்தது. அவர்கள் ஊர் திரும்பியிருக்கவில்லை. முகாமில் இருந்தபடியேதான் இந்த மாற்றம்.

சிலருக்கு ஓர் எச்சரிக்கை. சித்திரவதையோ பெரும் இழப்போ கண்டவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பழைய காட்சிகள் பெருகி வரலாம். அப்படியானால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து வைத்து, முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, யாருடனாவது பேசுங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாவதைப் பற்றியே எண்ணம் என்றால் இப்பயிற்சி மட்டும் போதாது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்றையும் விவசாயக் குடும்பங்கள் கேட்க வேண்டும். 1995 அளவில் இலங்கையில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் வரையில் தற்கொலையால் இறந்தார்கள். அநேகமானோர் அருந்தியது கிருமிநாசினி. கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. துக்கம் ஊறிப்போக நேரம் வேண்டும், கைக்கெட்டும் போத்தல் அந்த நேரத்தைத் தராது. ஆகவே மருந்தடிக்கும் போத்தலைக் குசினியிலோ கட்டிலுக்குக் கீழோ வைக்காமல், பூட்டித் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள்.

கூட்டத்தில் ஒரு அக்கா கோபமாகவே கேட்டார். "அப்ப காணி போனதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுறியளோ?" நியாயமான கேள்வி. இல்லை, அக்கா. ஏற்பது நெஞ்சில் எழும் துக்கத்தை, நடந்த அநியாயத்தை அல்ல. காணி உறுதியைப் பத்திரமாக வையுங்கள், பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். நடுங்கும் கையோடு எழுதுவதைவிட அமர்ந்த மனதோடு எழுதும் கடிதம் தெளிவாக இருக்கும். "விதி" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதை நாம் இங்கே படிக்கவில்லை.

அந்த அப்பப்பா இரண்டு மாதம் கழித்து வந்தார். முற்றத்து மணலில் தடியால் கோடு கிழித்துப் பேரனுக்குக் காணியைக் காட்டினாராம். பதின்மூன்று பரப்பு. கிணறு இவ்விடம், பனைகள் அந்தப் பக்கம். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லையாம். "அவன் பார்த்துக்கொண்டு நிண்டான், தம்பி. பிறகு மாமரம் எங்க எண்டு கேட்டான்."

குழுவில் கலந்துரையாடுவதற்கு: கோபம் எழும்போது உங்கள் உடலில் எந்த இடத்தில் முதலில் தெரிகிறது? உங்கள் வீட்டில் யாரிடம் அது கொட்டுகிறது? பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்பதும் பங்குபற்றுவதுதான். வீட்டில் மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் இன்றே போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.