டாக்கி: இரண்டு எண்கள் நடத்திய பாடம்

எட்டாம் வகுப்பில் இடம்பெயர்தல் பாடத்திற்கு மேற்கு வங்கத்தின் டாக்கி நகரை எடுத்துக்கொண்டேன். இச்சாமதி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள சிறு நகரம் அது, எதிர்க்கரை வங்கதேசம். 1947 பிரிவினையில் ஆறே எல்லையானதை வரைபடத்தில் காட்டினேன்.

பிறகு மக்கள்தொகையைக் கரும்பலகையில் எழுதினேன்: 2001இல் சுமார் 37,300, 2011இல் சுமார் 38,300. வளர்ச்சி 3 விழுக்காட்டுக்கும் குறைவு என மாணவர்களே கணக்கிட்டனர். மாநிலமோ ஏறத்தாழ 14 விழுக்காடு வளர்ந்திருந்தது.

"அங்கே குழந்தைகளே பிறக்கலையா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

பிறப்பு, இறப்பு, உள்வருகை, வெளியேற்றம் என நான்கையும் எழுதச் சொன்னேன். யோசித்தவள், "எங்கப்பா திருப்பூருக்குப் போன மாதிரி வேலைக்குப் போயிருப்பாங்க" என்றாள்.

"இருக்கலாம். பிறப்பு குறைந்தும் இருக்கலாம். முடிவுசெய்ய மற்ற எண்களும் வேண்டும்" என்றேன். வகுப்பில் மக்கள்தொகை எண்ணைத் தனியாகத் தராதீர்கள். ஒப்பிட இன்னோர் எண்ணையும் தாருங்கள். கேள்வி தானே பிறக்கும்.