குடிக்கணக்கு

கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் இன்னும் கயிற்றை அவிழ்க்கவில்லை. அதற்குள் என் கணவர் இரண்டாவது பியரில் இருந்தார். மணி பிற்பகல் இரண்டரை. வீட்டில் சனிக்கிழமை ராத்திரி இரண்டு பெக் விஸ்கியோடு எழுந்துவிடுகிற மனிதர். "என்னங்க, இப்பவேவா?" என்றேன். "காசு கட்டியாச்சே" என்றார். அடுத்த ஏழு நாளும் அந்த இரண்டு சொல்லைத்தான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து நானே சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ஹூஸ்டனில் இருக்கிறவர்களுக்கு கால்வெஸ்டன் பெரிய வசதி. விமானம் ஏற வேண்டாம். ஐ-45 சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் போய், காரை அங்கேயே நிறுத்திவிட்டுக் கப்பல் ஏறலாம். இரண்டு நாள் வெறும் கடல். பிறகு ஹோண்டுராஸின் ரோவதான் தீவு, மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கொசுமெல். திரும்பி வர மறுபடியும் ஒரு நாள் கடல். இந்த ஏழு இரவுப் பயணத்தை நாங்கள் மூன்று முறை போய்விட்டோம். இப்போது யார் க்ரூஸ் போனாலும் எங்களுக்குப் போன் வருகிறது. கேபின் எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அப்புறம். "ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்கலாமா, வேண்டாமா?" என்பதுதான் முதல் கேள்வி.

விஷயம் தெரியாதவர்களுக்காக: கப்பல் டிக்கெட்டில் சாப்பாடு அடக்கம், மது அடக்கமில்லை. பியர், ஒயின், காக்டெயில், கோக், எஸ்பிரெஸ்ஸோ எல்லாவற்றுக்கும் தனித்தனியாக பில் ஏறும். அது வேண்டாமென்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் முதல் பயணத்தில் அந்த விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 72 டாலர். மலிவாகத்தானே தெரிகிறது? அதன்மேல் 18 சதவீதம் டிப்ஸ் தானாக ஏறி ஏறக்குறைய 85 ஆகும். கரையில் இறங்கிச் சுற்றப் போகும் நாட்களையும் சேர்த்து ஏழு நாளுக்கும் எடுத்தாக வேண்டும். கடல் நாளுக்கு மட்டும் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தோம். எங்களைக் கவிழ்த்தது வேறொரு விதி. ஒரே கேபினில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த விதி ஏதாவது ஓர் உருவில் இருக்கிறது. ஒருவர் பேக்கேஜில் இருவர் குடித்துவிடக் கூடாதே என்ற பயம். நியாயம்தான். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். என் நட்பு வட்டத்தில் பாதிக் குடும்பங்களில் கணவர் குடிப்பார், மனைவி தொட மாட்டாள். நானும் அந்தப் பாதிதான். மதுவைத் தொடாத நான் ஏழு நாளுக்கு 595 டாலர் மதுப் பணம் கட்டினேன். அவரும் 595. ஆக 1,190. இருவருக்குமான கப்பல் டிக்கெட் விலையில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

கப்பல் ஏறிய இரவே எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஊரில் அன்லிமிடெட் மீல்ஸ் சாப்பிடப் போனால் மூன்றாவது ரசம் சோறு பசிக்காகவா போகிறது? அதே புத்திதான். மதியம் ஒரு லாட்டே, நான்கு மணிக்கு அன்னாசித் துண்டு செருகிய மாக்டெயில், இரவு ஷோவுக்கு முன் இன்னொன்று. குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தும் பாட்டில் தண்ணீராகக் கேட்டு வாங்கி, கேபினில் வரிசையாக அடுக்கி வைத்தேன். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று கேலி செய்வோமே, காசு கட்டியவனும் கிட்டத்தட்ட அதே நிலைக்குத்தான் வருகிறான். கடைசி இரவு பதினொரு மணிக்கு என் கணவர் ஒரு விஸ்கி வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரைத் தள்ளி வைத்தார். பாரில் நின்ற கோவாக்காரப் பையன் சிரித்தான். கடைசி இரவில்தான் நிறைய தம்ளர்களை அப்படியே சிங்க்கில் கொட்டுவதாகச் சொன்னான்.

என் கணவர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர். ஒவ்வொரு இரவும் சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். வீடு வந்ததும் கூட்டினோம். பியர் 14, ஒன்று 8 டாலர். விஸ்கியும் காக்டெயிலுமாக 19, ஒன்று 13 டாலர். டிப்ஸையும் சேர்த்தால் அவர் கணக்கு 424 டாலர். ஏழு நாளில் 33 தம்ளர் உள்ளே தள்ளியும் தன் பங்குக் காசையே அவரால் எடுக்க முடியவில்லை! என் லாட்டே, மாக்டெயில், அடுக்கி வைத்த தண்ணீர் எல்லாம் சேர்த்து 175. ஆக 1,190 கட்டி 599 டாலருக்குக் குடித்திருக்கிறோம். அதிலும் பாதி, காசு கட்டியிராவிட்டால் தொட்டே இருக்க மாட்டோம். நோட்டை மூடி வைத்துவிட்டு அவர் நிறைய நேரம் பேசவில்லை.

இதிலிருந்து நான் கற்ற முதல் பாடம், விலையை ஒரு காக்டெயிலால் வகுத்துப் பார்ப்பது. நாளுக்கு 85, காக்டெயில் டிப்ஸோடு 15 சொச்சம் என்றால் ஐந்தரையைத் தாண்டி ஆறாவது தம்ளரில்தான் லாபம் தொடங்கும். பியர்க்காரர் என்றால் ஒன்பது. இந்தக் கணக்கை எல்லா இடத்திலும் போடுவார்கள். ஆனால் கடல் நாளையும் கரை நாளையும் பிரித்துப் போடுவதில்லை. கொசுமெலில் காலை எட்டு மணிக்கு இறங்கினால் மாலை நான்கு மணிக்குத்தான் ஏறுகிறோம். அந்த நேரம் முழுக்கக் கப்பல் பேக்கேஜ் கப்பலிலேயே தூங்குகிறது. கரையில் குடிக்கும் பியருக்குத் தனிக் காசு. எங்கள் ஏழு நாளில் மூன்று நாள் இப்படிப் போனது. அப்படியானால் மற்ற நாட்களில் எட்டு, ஒன்பது என்று ஏற்ற வேண்டும். ஏறும் நாளோ பாதி நாள்தான். நாலைந்து கடல் நாள் உள்ள பயணத்துக்கும், தினம் ஒரு துறைமுகம் நிற்கிற பயணத்துக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

சில நிறுவனங்களுக்குச் சொந்தத் தீவு உண்டு. அங்கே பேக்கேஜ் செல்லுமா, செல்லாதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இதையும் பணம் கட்டுமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று. சில கப்பல்களில் முதல் நாள் பேக்கேஜ் செல்லாது. சிலவற்றில் செல்லும், ஆனால் மாநில எல்லையைத் தாண்டும்வரை சில்லறையாக வரி ஏறும்.

எல்லை என்றதும் நினைவுக்கு வருகிறது. அளவில்லாமல் என்று சொல்வதற்கும் ஓர் அளவு உண்டு. சில நிறுவனங்களில் நாளுக்கு 15 மதுத் தம்ளர்தான். அதற்குமேல் குடிக்கிறவருக்கு என் கட்டுரையல்ல, டாக்டர்தான் தேவை. நம்மைக் கடிப்பது விலை வரம்பு. எங்கள் கப்பலில் 14 டாலர் வரைக்கும் உள்ள தம்ளர்தான் பேக்கேஜில் வரும். என் கணவருக்குப் பிடித்த சிங்கிள் மால்ட் அந்த வரம்புக்கு மேலே. வித்தியாசத்தைக் கட்டினார், அந்த வித்தியாசத்துக்கும் 18 சதவீதம்.

பேக்கேஜ் இல்லாதவர்களுக்கும் இந்த டிப்ஸில் ஒரு பொறி இருக்கிறது. பாரில் கையெழுத்துக்கு நீட்டுகிற சீட்டில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே கூடுதல் டிப்ஸ் என்று வெற்றுக் கோடு ஒன்று இருக்கும். பேக்கேஜ் எடுக்காத ஒரு பயணத்தில், அமெரிக்க ஓட்டல் பழக்கத்தில் என் தம்பி நாலு நாள் அந்தக் கோட்டை நிரப்பிக்கொண்டே இருந்தான். மனமுவந்து கொடுப்பது வேறு. தெரியாமல் இருமுறை கொடுத்துவிட்டு, "இந்தக் கப்பல்ல என்னக்கா இவ்ளோ விலை" என்று புலம்புவது வேறு.

இரண்டாவது பயணத்தில் பேக்கேஜ் எடுக்கவில்லை. அவர் பியர் எட்டு, விஸ்கி ஐந்து, என் லாட்டே ஐந்து. மொத்தம் 182 டாலர். எங்கள் கப்பல் நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றை ஏறும் நாளில் கைப்பையில் கொண்டுவர விட்டது. நண்பர்களை மேசைக்கு அழைத்த இரவில் அது கை கொடுத்தது. எங்கள் மகனுக்கு அப்போது 16 வயது. அவன் கோக் கேட்டான். பிள்ளைகளுக்கான குளிர்பானப் பேக்கேஜ் டிப்ஸோடு நாளுக்கு 14 டாலர், ஒரு கோக் நாலு டாலர் சொச்சம். நாலு கோக் குடித்தால்தான் கட்டுப்படி. நாலு கோக் குடிக்கிற பிள்ளைக்கு எந்த அம்மா பேக்கேஜ் வாங்கித் தருவாள்? 12 டின் வரை கையோடு கொண்டுவரலாம் என்று அனுமதி இருந்ததால் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமக்க வைத்தேன்.

நிறைய பேர் மறந்துவிடுவது, சும்மா கிடைப்பவற்றை. தண்ணீர், சாதாரண காபி, டீ, பால், ஐஸ் டீ, எலுமிச்சை ஜூஸ், காலையில் ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் பஃபேயில் இலவசம். கப்பல் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது, குழாயிலேயே குடிக்கலாம். காலி பாட்டில் ஒன்று மட்டும் எடுத்துப் போங்கள். பஃபே காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்பது உண்மை. கெட்டில் கொண்டுபோனால் ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள், சூடாக்கும் கருவி எதற்கும் அனுமதியில்லை. அதனால் ப்ரூ பாக்கெட்டோடு போய், பஃபே ஆளிடம் பாலைச் சூடாக்கிக் கேட்பேன். முதல் நாள் விசித்திரமாகப் பார்த்தவர் மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் பாலை எடுத்து வைத்தார்.

பேக்கேஜே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது பயணத்தில் டாலஸிலிருந்து வந்த என் தம்பியும் அவன் மனைவியும் எடுத்தார்கள், கொஞ்சம் லாபமும் பார்த்தார்கள். இருவருமே குடிப்பார்கள். நீச்சல் குளத்தை விட்டு நகர மாட்டார்கள். கொசுமெலில்கூட ஒரு மணி நேரம் கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நவம்பர் தள்ளுபடியில் நாளுக்கு 60 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். டிப்ஸோடு 71, அதாவது ஐந்து தம்ளருக்குள் கட்டுப்படி. காலையில் எஸ்பிரெஸ்ஸோ, புதிதாய்ப் பிழிந்த ஜூஸ், பாட்டில் தண்ணீர் என்று சில்லறையும் சேர்ந்தது. தினம் பில் பார்த்துப் பதறாத நிம்மதியும் ஒரு பொருள்தானே என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு அது பொருள். எனக்கு அந்த நிம்மதி வரவேயில்லை, பாக்கி எத்தனை தம்ளர் என்றே மனம் ஓடியது.

வாங்குவதென்றால் வீட்டிலிருந்தே வாங்குங்கள். கப்பலில் விலை கூடுதல். பயணத்துக்கு முந்தைய மாதங்களில் நிறுவனத்தின் தளத்தில் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வாங்கிய பிறகு இறங்கினால் ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்க எங்கள் நிறுவனம் அனுமதித்தது. தம்பி இரண்டு முறை அப்படிச் செய்துதான் 60-ஐப் பிடித்தான். '40 சதவீதத் தள்ளுபடி' என்று மின்னஞ்சல் வந்தால் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், கடைசியில் நிற்கிற டாலரைப் பாருங்கள். டிக்கெட்டோடு பானம் 'இலவசம்' என்று தருகிற திட்டங்களிலும் பானத்துக்கான டிப்ஸை நம்மிடமிருந்தே வாங்கிக்கொள்வது உண்டு. ஏஜென்ட் மூலம் போனால் கப்பலில் செலவழிக்கச் சிறு தொகை கேட்டு வாங்கலாம். மிதமாகக் குடிக்கிறவருடைய பாதி பில்லுக்கு அது போதும்.

கேபின் விதிக்கும் ஒரு சந்து இருக்கிறது. தளத்தில் இருவருக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும். ஆனால் போன் செய்து, மற்றவர் மது அருந்துவதில்லை என்று சொன்னால், அவருக்கு விலை குறைந்த, மதுவில்லாத பேக்கேஜ் எடுத்தால் போதும் என்று சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன. மூன்றாம் பயணத்துக்கு முன் நான் கேட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் சரி என்றார்கள். முதல் முறையே கேட்டிருக்கலாம். அப்படியும் கணக்குப் போட்டோம், அப்படியும் கட்டுப்படியாகவில்லை, எடுக்கவில்லை.

கப்பல்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். உலகின் மிகப் பெரிய க்ரூஸ் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனின் 2023 கணக்கில், மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 750 கோடி டிக்கெட்டில் வந்ததல்ல. பார், சூதாட்ட மேசை, கடை, ஸ்பா, கரைச் சுற்றுலா என்று ஏறிய பிறகு நாம் செலவழிப்பதும் அது சார்ந்ததும். டிக்கெட் மலிவாக இருப்பதன் ரகசியம் அங்கே இருக்கிறது.

இந்த டிசம்பரில் நான்காவது பயணம். கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார், வயது 78. தனிக் கேபினில் தூங்கப் பயம் என்பதால் எங்கள் கேபினிலேயே மூன்றாவது படுக்கை. போன வாரம் இரவு என் கணவர் லேப்டாப்பில் தள்ளுபடி மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"58க்கு வந்திருக்குடி."

"எடுங்க. கேபின்ல இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் எடுக்கணும். அத்தைக்கும் சேர்த்து மூணு."

அவர் திரும்பிச் சோபாவில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கப்பல்ல நல்ல காபி கிடைக்குமோ?"